ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி: பாதியில் மாறிய ஒருவனின் மதிப்பீடு

பள்ளிகளின் பெயரைப் போடப்போவதில்லை. போட்டால் முதல் பள்ளிக்காரர் என்மேல் பாய்வார். இரண்டாவது பள்ளியில் ஏற்கெனவே காத்திருப்போர் வரிசை நீளம், அது இன்னும் நீண்டால் என் அடுத்த வகுப்பு தள்ளிப்போகும். அதனால் 'முதல் பள்ளி', 'இரண்டாவது பள்ளி' என்றே எழுதுகிறேன்.

நான் லிஃப்ட் பராமரிப்பு வேலை செய்கிறவன். 19 வருடம் மெஷின் ரூம்களில் கிரீஸ் படிந்த கையோடு நின்றிருக்கிறேன். நாற்பதைத் தாண்டியபின் ஹெலிகாப்டர் ஓட்டும் ஆசை வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

முதல் பள்ளியின் வரவேற்பறை நன்றாக இருக்கும். கண்ணாடிச் சுவர், தோல் சோபா, சுவர் முழுக்க முதல் சோலோ, அதாவது பயிற்சியாளர் இல்லாத தனிப் பறப்பு, முடித்தவர்களின் புகைப்படம். எழுத்து வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. அதற்கடுத்த அரைமணி நேரத்தில் அறிமுகப் பறப்புக்குக் கிளம்பிவிட்டோம். அது ராபின்சன் ஆர்22. உலகத்தில் பாதிப்பேர் ஹெலிகாப்டர் கற்றது அதில்தான் என்று சொல்லுமளவுக்குப் பரவலான, இரண்டே இருக்கை கொண்ட சின்ன இயந்திரம். 1979-இல் சான்றிதழ் பெற்றது. தரையை விட்டு எழுந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பயிற்சியாளர் சொன்னார்: "பிடிங்க சார், ஒண்ணும் ஆகாது."

பிடித்தேன். சைக்ளிக் என்பது இயந்திரத்தை முன்பின், இடம்வலம் சாய்த்து ஓட்டும் பிடி. ஆர்22-இல் அது இருவருக்கும் நடுவில் நிற்கும் ஒரே தண்டு, அதன் தலையில் துலாக்கோல் மாதிரி ஒரு குறுக்குக் கம்பி. நான் என் பக்கக் கைப்பிடியை மடிக்கு இறக்கினால் அவர் பக்கம் மேலே எழும்பிவிடும். அவர் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டுதான் என்னைக் காப்பாற்ற வேண்டும். அன்று அவர் கை அங்கே இல்லை, அலைபேசியில் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். படம் அருமையாக வந்திருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த இயந்திரத்தின் கையேட்டுக்குப் பின்னால் 'பாதுகாப்புக் குறிப்புகள்' என்று ஒரு பகுதி உண்டு. தயாரிப்பாளரே வெளியிடுவது. அதில் 20-ஆவது குறிப்பு முழுக்க முழுக்க அறிமுகப் பறப்பையும் முதல் சில வகுப்புகளையும் பற்றியது. தகுந்த தயாரிப்பு இல்லாதவர் கையில் கண்ட்ரோலைக் கொடுப்பதால் அந்தப் பறப்புகளில் விபத்து அளவுக்கு மீறி நடக்கிறது என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கண்ட்ரோலைக் கொடுத்தாலும் பயிற்சியாளர் தன் கைகால்களை அதன் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். இதை நான் படித்தது நான்கு மாதம் கழித்து, இரண்டாவது பள்ளியில். முதல் பள்ளியில் கையேடு இருந்தது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

சரி, முதல் பள்ளியை ஏன் விட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாவது மணி நேரமோ பத்தாவதோ. ஆயிரம் அடி உயரத்தில் நேராகப் போய்க்கொண்டிருந்தோம். நான் வானொலியில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பயிற்சியாளர் ஒரு வார்த்தை சொல்லாமல் த்ராட்டிலை, அதாவது எஞ்சினின் ஆக்சிலரேட்டரை, திருகி மூடினார். எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கியது, மூக்கு இடப்பக்கம் இழுத்தது, உடனே ஹாரன் கத்த ஆரம்பித்தது.

அந்த ஹாரன் என்ன சொல்கிறது என்று தெரியாதவர்களுக்கு: தலைக்கு மேலே சுற்றும் ரோட்டார்தான் ஹெலிகாப்டருக்கு இறக்கை. ஆர்22-இல் 100 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு 510 சுற்று. 97 சதவீதத்துக்கு இறங்கியதும் ஹாரன் அடிக்கும். எஞ்சின் நின்றால் இடக்கையில் இருக்கும் கலெக்டிவை, அதாவது இறக்கைகளின் கோணத்தை மாற்றும் நெம்புகோலை, உடனே கீழே தள்ள வேண்டும். தள்ளினால் இறக்கைகள் தட்டையாகி, கீழிருந்து வரும் காற்றிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் ஆட்டோரொட்டேஷன், எஞ்சின் இல்லாமலே இறங்கும் வித்தை. தள்ளாவிட்டால் வேகம் மளமளவென்று விழும். 80 சதவீதம், அதோடு ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் 1 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே போய்விட்டால் இறக்கைகள் காற்றைப் பிடிக்கும் தன்மையையே இழந்துவிடும். அங்கிருந்து மீட்சி கிடையாது. ஆர்22-இன் ரோட்டார் எடை குறைந்தது, சேமிப்பில் சுழற்சி அதிகம் இல்லை. உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒன்றிரண்டு நொடி.

அந்த ஒன்றிரண்டு நொடியில் நான் என்ன செய்தேன்? கலெக்டிவை மேலே இழுத்தேன். கீழே விழுகிறோம் என்றால் மேலே இழு என்றுதானே உடம்பு சொல்லும். அவர் என் கைமேல் அறைந்து கீழே தள்ளினார். ரோட்டார் வேகம் காட்டும் முள் 90-க்குக் கீழே இருந்ததை நான் பார்த்தேன், எவ்வளவு கீழே என்று பார்க்கத் தெம்பில்லை. ஒருவழியாக முள் பாதுகாப்பான பச்சைப் பகுதிக்குத் திரும்பியபின் அவர் சிரித்தார். "நிஜத்துல எஞ்சின் சொல்லிட்டா நிக்கும்?"

கேட்கும்போது நியாயமாகத்தான் படும். நானும் இரண்டு வாரம் அதை நியாயம் என்றே நம்பினேன். எங்கள் தொழிலில் லிஃப்ட்டின் பாதுகாப்புப் பிடிகளைச் சோதிக்க வேண்டும் என்றால் ஆள் ஏறிய லிஃப்ட்டின் கயிற்றை அறுத்துப் பார்ப்பதில்லை. ஆளை இறக்கிவிட்டு, கீழ்த்தளத்தை அடைத்து, எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் கை வைப்போம். கையேட்டில் இதற்கும் ஒரு குறிப்பு இருக்கிறது, 27-ஆவது. முன்னறிவிப்பின்றித் த்ராட்டிலை மூடுவது உயிரைப் பறிக்கலாம் என்பதுதான் அதன் தலைப்பே.

லிஃப்ட்டிலும் கவர்னர் உண்டு, ஆர்22-இலும் கவர்னர் உண்டு. நான் முதலில் ஏமாந்தது அந்தப் பெயரில்தான். லிஃப்ட் கவர்னர் அளவுக்கு மீறிய வேகத்தைக் கண்டுபிடித்துப் பெட்டியைப் பிடித்து நிறுத்திவிடும். ஆர்22-இன் கவர்னர் த்ராட்டிலை மட்டும் முன்னும் பின்னும் திருகி எஞ்சின் வேகத்தை நிலையாக வைத்துக்கொள்ளும். எஞ்சினே இல்லாதபோது அது வெறும் டப்பா.

இரண்டு வாரம் கழித்து, தொழில் புத்தியில், இயந்திரத்தின் குறைப் பதிவேட்டைக் கேட்டேன். முகம் சுளித்துக்கொண்டே தந்தார்கள். மூன்று மாதத்துக்கு 'நில்', 'நில்', 'நில்' (nil, குறை ஏதும் இல்லை). ஒரே கையெழுத்து, ஒரே பேனா மை. எங்கள் மெஷின் ரூம்களிலும் இப்படிப் பதிவேடுகள் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாத வேலையை ஒரே மதியத்தில் எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன். தினம் பறக்கும் இயந்திரத்தில் மூன்று மாதமாக ஒரு பல்புகூடப் போகவில்லை என்றால் நான் நம்பமாட்டேன். அன்றைக்கே மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பாதிதான் வந்தது.

முதல் பள்ளிக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் சோபாவுக்கு.

அவர்கள் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்தது '12 மணி நேரத்தில் சோலோ'. இது ஏன் பயமூட்டும் வாக்கியம் என்று தெரிய ஆர்22-இன் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் இந்த இயந்திரம் சில நேரம் வானத்திலேயே உடைந்து விழுந்தது. இறக்கை தன் உடம்பையே வெட்டிய அடையாளம் சிதைவுகளில் இருக்கும். எஞ்சின் கெட்டிருக்காது, ஒரு பாகமும் முன்பே முறிந்திருக்காது. 1992-இல் கலிபோர்னியாவில் இப்படி விழுந்த ஒரு பயிற்சிப் பறப்பில் சின்ன டேப் ரெக்கார்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சாதாரணமாகப் பாடம் நடந்துகொண்டிருந்த பேச்சு அப்படியே அறுந்துபோகிறது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இவற்றை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. 1995-இல் அந்நாட்டு விமானத்துறை ஆர்22-க்கும் அதன் அண்ணன் ஆர்44-க்கும் தனிச் சிறப்பு விதி கொண்டுவந்தது. அதன்படி ஆர்22-இல் மாணவர் தனியாகப் பறக்கும் முன் குறைந்தது 20 மணி நேரம் பயிற்சியாளரோடு பறந்திருக்க வேண்டும். ரோட்டார் வேகம் விழுவது, எடையற்ற நிலை, இறக்கை ரோட்டார் தண்டில் மோதுவது எல்லாவற்றையும் தனிப்பாடமாகப் படித்திருக்க வேண்டும். கவர்னரும் அப்போதுதான் கட்டாயமானது. அந்த வகை விபத்துகள் அதன்பின் வெகுவாகக் குறைந்தன. இயந்திரத்தின் அடிப்படை வடிவம் மாறவில்லை, கற்றுத்தரும் விதம்தான் மாறியது. அந்த 20-ஐ 12 ஆக்கித் தருகிறேன் என்று ஒருவர் கூவினால் அவர் எதை வெட்டி எடுத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

இரண்டாவது பள்ளியில் சோபா இல்லை. ஹெலிகாப்டர் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கரின் ஓரத்தில் ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். ஒரே ஒரு ஆர்22. சொல்லிக்கொள்ளும்படியான ரசீது புத்தகம்கூட இல்லை, கணக்கு எப்போதும் குழப்படி, இரண்டு முறை எனக்கே அதிகப் பணம் திருப்பிக் கொடுத்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. எல்லோரும் மேடம் என்பார்கள், நானும்.

முதல் நாள் என்னை இருக்கையில் உட்காரவிடாமல் இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பழக்கதோஷத்தில் அதில் என் ஸ்டீல் பிளாஸ்கை வைத்திருந்தேன். "அதை எடுத்துக் கையில் பிடிங்க. இப்ப இயந்திரம் மேலேருந்து தரையில் மோதுதுன்னு வெச்சுக்குங்க. இந்த இருக்கை நசுங்கி, அதிர்ச்சியை வாங்கி, உங்க முதுகெலும்பைக் காப்பாத்துறதுக்குன்னே செஞ்சது. நடுவில் இந்த பிளாஸ்க் இருந்தா?" அப்புறம் என் நைலான் ஜாக்கெட்டைப் பார்த்தார். தீப்பிடித்தால் தோலோடு உருகி ஒட்டும், பருத்தியாவது போட்டு வாருங்கள் என்றார். விழுந்தபின் பிழைத்துக்கொண்டு, அதற்கப்புறம் நெருப்பில் கருகியவர்கள் இருக்கிறார்கள். முதல் பள்ளியில் பத்து மணி நேரம் பறந்திருக்கிறேன், ஒருவர்கூட இந்த இரண்டையும் சொன்னதில்லை.

முதல் மூன்று வகுப்பு தரையில். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மர ஸ்கேலின் நடுவில் ஓட்டை போட்டு, பென்சில் முனையில் தொளதொளவென்று செருகி, மேடம் மேசையில் வைத்தார். ஸ்கேல் இறக்கை, பென்சில் ரோட்டார் தண்டு. ஆர்22-இன் இரண்டு இறக்கையும் சீசா மாதிரி ஆடும் ஒரே பலகை. உடம்பு அதில் தொங்குகிறது. தொங்குகிற வரைக்கும் சைக்ளிக்கை எங்கே சாய்த்தாலும் உடம்பு பின்னாலேயே வரும். சைக்ளிக்கை வெடுக்கென்று முன்னால் தள்ளினால், மேட்டில் வேகமாக ஏறி இறங்கும் பைக்கில் வயிறு எழும்புமே, அந்த மாதிரி ஒரு கணம் எடை போய்விடுகிறது. அப்போது வால் ரோட்டார் உடம்பை வலப்பக்கம் உருட்டும். உருளுகிறதே என்று பயந்து இடப்பக்கம் சாய்ப்பீர்கள். மேடம் ஸ்கேலை மட்டும் இடப்பக்கம் சாய்த்தார், பென்சில் வலப்பக்கம் சாய்ந்தபடியே நின்றது. ஸ்கேலின் அடிவிளிம்பு பென்சில் மரத்தில் 'டக்' என்று தட்டியது. "இந்தச் சத்தத்தைத் திரும்பக் கேட்டவங்க இல்லை." முதலில் சைக்ளிக்கை மெதுவாகப் பின்னால் இழுத்து எடையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதற்கப்புறம்தான் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். இதை ஆகாயத்தில் செய்து காட்டுங்கள் என்றேன், ஆர்வக்கோளாறில். காட்டமாட்டேன், யாரும் காட்டக்கூடாது என்றார். இந்தப் பாடம் பென்சிலோடு முடிகிறது.

ஆட்டோரொட்டேஷன் பயிற்சியும் அங்கே வேறு மாதிரி. முன்கூட்டியே பேசிவிட்டு, "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று எண்ணுவார். ஒன்று சொல்லும்போதே என் இடக்கை கீழே இருக்கும், அதற்கப்புறம்தான் த்ராட்டில் மூடும். ஒருமுறைகூட ஹாரன் கத்தியதில்லை. 100 அடியில் ஒரு கண்ணுக்குத் தெரியாத வாசல் இருக்கிறது என்பார். அந்த உயரத்தில் ரோட்டார் வேகம் பச்சையின் நடுவில் இருக்க வேண்டும், முன்வேகம் 60-க்கும் 70 நாட்டுக்கும் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) இடையில் நிலைத்திருக்க வேண்டும், இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 1500 அடிக்குள் இருக்க வேண்டும், திருப்பம் முடிந்திருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் உடனே பவர் கொடுத்து மேலே. ஒருநாள் ஏழு முறை முயன்று ஏழு முறையும் வாசலில் திரும்பினோம். அன்றைய பணம் தண்டம் என்று எனக்குப் பட்டது. அப்புறம் கையேட்டின் 38-ஆவது குறிப்பைப் படிக்கக் கொடுத்தார். எப்போதோ அபூர்வமாக நிற்கும் எஞ்சினுக்காகப் பயிற்சி எடுக்கப்போய் வருடாவருடம் ஏராளமான ஹெலிகாப்டர்கள் நொறுங்குகின்றன என்று தயாரிப்பாளரே நொந்துகொள்கிறார்.

சரிவில் இறங்கும் வகுப்பில் நான் சொதப்பியதையும் சொல்ல வேண்டும். சக்கரத்துக்குப் பதிலாக ஆர்22 நிற்கும் இரண்டு கால் கம்பிகளுக்கு ஸ்கிட் என்று பெயர். ஒரு ஸ்கிட் தரையில், மற்றது அந்தரத்தில். தரையில் இருந்த ஸ்கிட் புல்மேட்டில் மாட்டிக்கொண்டது தெரியாமல் நான் கலெக்டிவை இழுத்தேன். இயந்திரம் மாட்டிய காலைச் சுற்றிச் சாய ஆரம்பித்தது. ஐந்து முதல் எட்டு பாகைக்குள் இந்தச் சாய்வு கைமீறிப் போய்விடும், அப்புறம் சைக்ளிக்கால் திருப்ப முடியாது, தன்னைத்தானே குப்புறத் தள்ளிக்கொள்ளும். மேடம் கத்தவில்லை. என் கலெக்டிவைத் தன் கலெக்டிவால் இரண்டு விரல் அளவு இறக்கினார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டது. அவர் கை எப்போதும் அங்கேயே இருந்திருக்கிறது, ஆறு வாரமாக நான் கவனித்ததில்லை.

யார் கையில் கண்ட்ரோல் என்பதற்கு ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள். "உங்ககிட்ட கண்ட்ரோல்." "என்கிட்ட கண்ட்ரோல்." "உங்ககிட்ட கண்ட்ரோல்." மூன்று தடவை சொல்லாமல் கை மாறாது. கோயில் சுற்றுகிற மாதிரி இருக்கிறது என்று முதலில் கிண்டலடித்தேன். இருவருமே மற்றவர் ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்த சில நொடிகளில் விபத்துகள் நடந்திருக்கின்றன.

சோலோ மூன்று முறை ரத்தானது. இரண்டாவது தடவை எனக்குப் பொறுக்கவில்லை. காற்று 8 நாட், இடையிடையே திடீரென்று அடிக்கும் வீச்சு 24 நாட் வரை. கையேட்டில் அனுபவம் குறைந்தவர்களுக்கு 25 நாட்டைத் தாண்டினால்தான் தடை என்று நான் வாதாடினேன், இப்போது நானும் கையேடு படிப்பவன் அல்லவா. "அடுத்த வரியையும் படிங்க" என்றார். வீச்சுக்கும் சாதாரணக் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 15 நாட்டைத் தாண்டினாலும் தடை. 24-இலிருந்து 8 போனால் 16. கழித்தல் கணக்கில் தோற்று வீட்டுக்குப் போனேன். ரத்தான நாளுக்குக் காசு வாங்குவதில்லை. முதல் பள்ளியில் வானிலை காரணமாக ஒரு வகுப்பும் ரத்தானதாக எனக்கு நினைவில்லை. அங்கே மட்டும் வானிலை எப்போதும் நன்றாக இருந்திருக்கிறது!

இரண்டாவது பள்ளிக்கு ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது தொலைபேசிக்கு. ஹெல்மெட்டும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், அதற்கும் சேர்த்துக் குறைக்கலாம், போகட்டும்.

இந்தப் பள்ளியில் குறைப் பதிவேட்டைத் தவிர இன்னொரு நோட்டு இருக்கிறது. நீல அட்டை, நூலில் கட்டிய பேனா. மாணவர், பயிற்சியாளர் யாராக இருந்தாலும் தான் செய்த தவற்றைப் பெயர் போடாமல் அதில் எழுத வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் வீட்டுப்பாடமே அதை ஆரம்பத்திலிருந்து படிப்பது. 'எரிபொருள் மாதிரி எடுக்க மறந்தேன்.' 'கார்புரேட்டர் ஹீட் போடவில்லை, கவர்னர் த்ராட்டிலைத் திறந்துகொண்டே போய் கார்புரேட்டரில் பனி கட்டுவது எனக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது.' 'மாணவரின் கை உறைந்துவிடும் என்று எதிர்பார்க்கவில்லை.' கடைசியில் இருப்பது மேடமின் கையெழுத்து என்று எல்லோருக்கும் தெரியும்.

நான்காவது முயற்சியில் சோலோ நடந்தது, 31-ஆவது மணி நேரத்தில். இடப்பக்கத்தில் மேடம் இல்லாததால் இயந்திரம் வெகு சீக்கிரம், நான் நினைத்ததைவிடக் குறைந்த கலெக்டிவில் எழுந்தது. சாய்மானமும் வேறு. இதையெல்லாம் முந்தின நாள் இரண்டு தடவை சொல்லியிருந்தார், ஆனாலும் ஒரு கணம் வேறு யாருடைய ஹெலிகாப்டரிலோ ஏறிவிட்ட மாதிரி இருந்தது. மூன்று சுற்று, மூன்று இறக்கம். மூன்றாவது இறக்கம், என் கணக்கில், புல்லுக்கே தெரியாமல் இறங்கிய இறக்கம்.

மேடம் ஹேங்கர் ஓரத்தில் நின்றிருந்தார். சந்தோஷம் தாங்காமல் அவரைப் பார்த்துக் கையசைத்தேன். அவர் கையசைக்கவில்லை. அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம்தான் உறைத்தது. ரோட்டார் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, கலெக்டிவ் தானாக நகராமல் பிடிக்கும் உராய்வுப் பூட்டை நான் போடவில்லை, அதைப் பிடித்திருக்க வேண்டிய இடக்கை தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கிறது.

எஞ்சினை ஆற்றி, நிறுத்தி, இறக்கைகள் நின்றபின் இறங்கி வந்தேன். கைகுலுக்கினார். "நல்லா பண்ணீங்க" என்றார். மற்றொரு கையில் நீல நோட்டு இருந்தது.